எப்போது போவார்கள் என்று எந்தத் தாளில் இருக்கிறது?

என் மேசை லாச்சியில் ஒரு பித்தளைத் தகடு கிடக்கிறது. ஒரு ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒரு துளை, நடுவில் 1174 என்ற இலக்கம். 1946இல் அப்பா திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படையின் டொக்யாட்டில் (கப்பல் பட்டறையில்) வேலைக்குச் சேர்ந்தபோது கிடைத்த இலக்கம் அது. காலையில் வாசலில் உள்ள பலகையிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பின்னேரம் வெளியே வரும்போது திரும்ப ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டாமல் வந்தால் ஆள் இன்னும் உள்ளே நிற்கிறான் என்று கணக்கு.

நான் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன். பாடசாலையிலிருந்து இளைப்பாறிய பிறகும் பின்னேர வகுப்பு நடக்கிறது. இறைமை என்ற பாடத்தை ஆரம்ப வருடங்களில் ஒரே மணித்தியாலத்தில் முடித்துவிடுவேன். 1948 பெப்ரவரி 4, சுதந்திரம், இறைமை கைக்கு வந்தது, சரி, அடுத்த பாடம்.

ஒரு நாள் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘இலங்கை முழு இறைமை பெற்ற திகதி யாது?’ நானே போட்ட கேள்வி. சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த அப்பா, “என்ன விடை எதிர்பார்க்கிறாய்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. “நாலாந் திகதி லீவு தந்தவங்கள். அஞ்சாந் திகதி போனனான். அதே வாசல், அதே துரை, அதே நம்பர். சம்பளமும் அட்மிரல்டியிலயிருந்துதான் வந்தது. எனக்கு எப்ப வந்தது உன்ர இறைமை?” அட்மிரல்டி என்றால் லண்டனில் இருந்த பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம்.

அந்தக் கேள்வியை விடைத்தாளிலிருந்தே வெட்டிவிட்டு, எல்லோருக்கும் இரண்டு புள்ளி இனாமாகப் போட்டேன். அன்றிலிருந்து இந்தப் பாடத்தை நான் நடத்தும் விதம் மாறிப்போனது. புதிதாய்ச் சுதந்திரமடைந்த ஒரு நாட்டில் வெளிநாட்டுப் படை நிற்பதைப் பற்றி வாசிக்கும்போது எங்கே ஏமாந்தேன், எதைத் தேடப் பழகினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கு உதவலாம். பழைய ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் மாணவருக்கும் உதவலாம்.

முதலில் தேடியது 1947 நவம்பர் 11ஆம் திகதி பிரித்தானியாவோடு கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கை. சுதந்திரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்பு டி. எஸ். சேனநாயக்கவும் தேசாதிபதி சேர் ஹென்றி மொங்க்-மேசன் மூரும் வைத்த கையொப்பம். மிகச் சிறியது, தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். முதல் தடவை வாசித்தபோது எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பரஸ்பர உதவி, வெளி ஆக்கிரமிப்பிலிருந்து பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்புகளைக் காத்தல் என்று எல்லாம் மரியாதையான சொற்கள். பிரித்தானியா கடற்படையையும் விமானப்படையையும் இங்கே நிறுத்தலாம், தேவையான தரைப்படையையும் வைத்திருக்கலாம், அதுவும் இரு தரப்பும் இணங்கிக்கொள்ளும் அளவில்தான். இதில் என்ன பிழை?

இரண்டாம் தடவை சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். ‘போவது’, ‘வெளியேறுவது’, ‘முடிவடைவது’ என்ற பொருளில் எந்தச் சொல் வந்தாலும் கோடிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி. கடைசி வரி வரை பேனைக்கு வேலை வரவில்லை. காலக்கெடு இல்லை. எப்படி முடித்துக்கொள்வது என்றும் இல்லை. சந்தையடியில் ஒரு கடையைக் குத்தகைக்கு எடுத்தால்கூட எத்தனை வருடம் என்று எழுதாமல் எந்த நொத்தாரிசும் உறுதி முடிக்க மாட்டார். ஒரு துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு உறுப்புரையும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பிரித்தானியப் படையினர்மீது அவர்களுடைய படை நீதிமன்றங்களுக்கு அதுவரை இருந்த அதிகாரம் அப்படியே தொடரும் என்கிறது அது. இதை வகுப்பில் விளக்கும்போது நான் சட்டம் பேசுவதில்லை. “1950இல் டொக்யாட் வீதியில் ஒரு மாலுமி உங்கள் தாத்தாவின் சைக்கிளில் மோதிவிட்டான் என்று வையுங்கள். முறைப்பாட்டை எங்கே கொண்டுபோவீர்கள்?” என்று மட்டும் கேட்பேன். பிள்ளைகள் முதலில் பொலிஸ் என்பார்கள். உறுப்புரையைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் கொஞ்ச நேரம் அமைதி. இறைமை என்ற சொல்லை வரைவிலக்கணம் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டை அந்தச் சைக்கிள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும்.

இதை வைத்து சேனநாயக்கவை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டு ஆறு வருடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இந்தியா என்ற பெரிய நாடு, இங்கே சொந்தமாக ஒரு நிரந்தரப் படைகூட இல்லை. அவருக்கிருந்த பயம் உண்மையான பயம்தான். ஆனால் விலை இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் சேர இலங்கை விண்ணப்பித்தபோது சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. தளங்கள் இன்னும் பிரித்தானியாவிடம் இருக்கும்போது இது என்ன சுதந்திர நாடு என்பது அவர்கள் வாதம். அதில் பனிப்போர் அரசியலும் இருந்தது, யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் 1955 டிசம்பர் 14 வரை இலங்கை வெளியே நின்றது. அப்பாவின் கேள்வியைத்தான் வேறு காரணத்துக்காக மொஸ்கோவும் கேட்டிருக்கிறது. இதைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

1956இல் பண்டாரநாயக்க வந்தார். கடிதங்கள் பரிமாறப்பட்டன. 1957 ஒக்டோபர் 15 திருகோணமலைக் கடற்படைத் தளம் கைமாறியது, நவம்பர் 1 கட்டுநாயக்க விமானத்தளம். ஒரு வெடிச் சத்தம் இல்லை. பாடநூல் இதோடு நிறுத்திவிடும். எங்கள் ஊர் நிறுத்தவில்லை. தளம் மூடியதும் சுமார் 400 தமிழ்த் தொழிலாளர் வேலையில்லாமல் நின்றார்கள். அவர்களைப் பொலன்னறுவை மாவட்டத்தில் குடியேற்றலாம் என்று அரசாங்கம் யோசித்தது. அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. 1958 கலவரத்துக்கு முன்னால் அடுக்கி வைத்த விறகுகளில் அதுவும் ஒன்று. வெளிநாட்டுத் தளத்தை மூடியது சரியான காரியம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அடுத்த நாள் காலையில் அந்த வாசலுக்குப் போகவேண்டிய ஆட்களைப் பற்றி யாரும் முதல் நாள் யோசித்ததாகத் தெரியவில்லை. தளங்களைப் பற்றி வாசிக்கும் எவரும் அங்கே வேலை செய்தவர்களின் பட்டியலையும் சேர்த்துத் தேட வேண்டும். கொடியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அப்பா அந்த 400இல் இல்லை. தம்பலகாமத்தில் மாமா ஒருவரின் அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனார். கணக்கு அவருக்குக் கைவந்தது. வீட்டுச் செலவுக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தார்; அரிசி, மண்ணெண்ணெய், கைமாற்று, எல்லாம் திகதியோடு இருக்கும். அதில் 15.10.57இல் இரண்டு வரி: ‘இண்டைக்குக் கொடி இறக்கினது. ரோக்கன் மாட்டேல்லை.’ கிட்டத்தட்ட எழுபது வருடமாக அந்தக் கணக்குப்படி அவர் இன்னும் டொக்யாட்டுக்குள் நிற்கிறார்.

காங்கோ பாடம் நடத்தும் நாளில் இந்தத் தகட்டைக் கொண்டுபோவேன். 1960 யூன் 30 காங்கோ பெல்ஜியத்திடமிருந்து சுதந்திரமடைந்தது. படைவீரர் ஆபிரிக்கர், அதிகாரிகள் எல்லோரும் பெல்ஜியர். நாலைந்து நாளில் படையினர் முணுமுணுக்கத் தொடங்க, தளபதி ஜான்சன்ஸ் அவர்களைக் கூட்டி வைத்துக் கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார்: சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின். அன்றிரவே கலகம் வெடித்தது. ஓர் ஆசிரியனாக எனக்கு இந்தச் சம்பவத்தில் தனி அக்கறை. உலக வரலாற்றில் கரும்பலகையில் எழுதி இவ்வளவு சேதம் விளைவித்த ஆள் வேறு யாரும் இருப்பார்களா தெரியாது. அப்பாவின் தகட்டைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினால், 1948 பெப்ரவரி 5ஆம் திகதி டொக்யாட் வாசலிலும் அதே சமன்பாடுதான் என்று பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். இங்கே யாரும் அதை எழுதிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. யூலை 10 பெல்ஜியப் படை தன் குடிமக்களைக் காப்பாற்ற என்று சொல்லி இறங்கியது. காங்கோ அரசாங்கம் கேட்கவில்லை. மறுநாளே கட்டாங்கா மாகாணம் ஷோம்பேயின் தலைமையில் பிரிந்துபோவதாக அறிவித்தது. செம்பும் கோபால்டும் யுரேனியமும் இருந்த மாகாணம். ஜனாதிபதி கசவுபுவும் பிரதமர் லுமும்பாவும் ஐ.நா.வை அழைத்தார்கள். பாதுகாப்புச் சபை யூலை 14இல் படை அனுப்பத் தீர்மானித்தது. யூலை 22இல் வந்த அடுத்த தீர்மானத்தை முன்வைத்த இரண்டு நாடுகள் இலங்கையும் துனீசியாவும். தன் துறைமுகத்தை மூன்று வருடத்துக்கு முன்தான் திரும்பப் பெற்ற நாடு, இன்னொரு நாட்டிலிருந்து படையை எடுக்கச் சொல்லி எழுதுகிறது. எங்கள் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

சிவப்புப் பேனையை அந்தத் தீர்மானத்திலும் ஓட்டினேன். இந்த முறை ஒரு சொல் அகப்பட்டது: ‘விரைவாக’ வெளியேற வேண்டும். திகதி இல்லை. விரைவு என்றால் யாருடைய மணிக்கூட்டில்?

லுமும்பாவின் கதையில் இன்னொரு முடிச்சு உண்டு. ஐ.நா. படையை அழைத்த இருவரில் அவர் ஒருவர். ஆனால் கட்டாங்காவுக்குள் போ என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை. செப்டம்பரில் கசவுபு அவரைப் பதவிநீக்கியதும் அவருக்கு மக்களிடம் பேசும் வழி தேவைப்பட்டது. அந்த நேரத்தில் தலைநகர் வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடிவிட்டவர்கள் ஐ.நா. அதிகாரிகள். 1961 ஜனவரி 17இல் அவர் கட்டாங்காவில் கொல்லப்பட்டார். அழைப்பவரிடம் கதவுத் திறப்பு இருந்தால் போதாது, வந்தவர் வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்பதும் அவர் கையில் இருக்க வேண்டும். எப்போது போவார்கள் என்பது ஒப்பந்தம் வாசிக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி என்றால், இதை இரண்டாவது கேள்வியாக வைத்திருக்கிறேன்.

துனீசியாவை விட்டுவிட முடியாது. அவர்களுக்கும் பிசேர்ட் என்று ஒரு துறைமுகம், அங்கே பிரான்ஸின் கடற்படைத் தளம். 1956இல் சுதந்திரம், தளம் மட்டும் போகவில்லை. 1961 யூலையில் துனீசியா அதை முற்றுகையிட்டது. சில நாட்களில் 600க்கு மேற்பட்ட துனீசியர் இறந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கடைசியில் வெளியேறியது 1963இல், அதுவும் ஒக்டோபர் 15ஆம் திகதி. திருகோணமலையும் அதே நாள், ஆறு வருடம் முந்தி. அங்கே அது பொது விடுமுறை. இங்கே அந்தத் திகதியைத் தெருவில் நிற்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருக்களில் திரியும் மான்கள்தான் திரும்பிப் பார்க்கும்.

தங்கனிக்கா (இன்றைய தன்சானியாவின் பெருநிலப் பகுதி) கொஞ்சம் வேறு. 1964 ஜனவரியில் படை கலகம் செய்ய, ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே பிரித்தானியரை அழைத்தார். ஜனவரி 25 கடற்படைக் கமாண்டோக்கள் இறங்கினார்கள். சில மணித்தியாலத்தில் காரியம் முடிந்தது. சுதந்திரமடைந்து இரண்டு வருடத்தில் பழைய எசமானை அழைக்க வேண்டி வந்ததே என்று அவர் வெட்கப்பட்டார். அதை மறைக்கவும் இல்லை. அடுத்த மாதமே ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பின் கூட்டத்தைத் தலைநகரில் கூட்டினார். ஏப்ரலில் நைஜீரியப் படை பிரித்தானியருக்குப் பதிலாக வந்தது. பழைய படையைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினார். அழைத்த கையோடு அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தவர் என்பதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை. 1988 நவம்பரில் மாலைதீவில் நடந்ததும் இந்த வகைக்குக் கிட்ட வரும். ஆட்சியைப் பிடிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் பக்கத்துத் தமிழ் இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பது வேறு கதை. அங்குள்ள ஜனாதிபதி கயூம் அழைத்தார், இந்தியப் படை ஓரிரவில் போனது, பெரும்பகுதி சில வாரங்களில் திரும்பிவிட்டது. அதே இந்தியப் படை அந்த நேரத்தில் எங்கள் தெருவிலும் நின்றது. இங்கிருந்து போகத்தான் அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

நான் கண்ணால் கண்டது அதைத்தான். 1987 யூலை 29 கொழும்பில் ஜே. ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். அடுத்த நாள் கடற்படை மரியாதை அணிவகுப்பில் ஒரு மாலுமி ராஜீவைத் துப்பாக்கிப் பிடியால் அடித்தான். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெற்கின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. கொழும்பில் இறைமை போய்விட்டது என்று கொதித்துக்கொண்டிருந்த அதே கிழமையில், எங்கள் ஒழுங்கையில் அம்மா நாலு வருடத்துக்குப் பிறகு முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார். வெக்கை என்று சொன்னார். காரணம் அதுவல்ல என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே இந்திய லொறி எங்கள் தெருவில் ஒரு விதமாகத் தெரிந்தது, சிங்களவர் தெருவில் இன்னொரு விதமாக, முஸ்லிம்கள் இருந்த பக்கம் வேறொரு விதமாக. ஒக்டோபர் 10இல் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் சண்டை தொடங்கியதோடு அம்மாவின் கதவும் திரும்பப் பூட்டப்பட்டது.

ஒரு சின்ன விசயம் சொல்ல வேண்டும். அந்தப் படையில் தமிழ்நாட்டுக்காரரும் இருந்தார்கள். ஒரு நாள் பகல், திருநெல்வேலிப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் படலையில் நின்று, “அம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் பேசணும்” என்றார். அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. “அவர் ஒரு பிழையும் செய்யேல்லையே, ஏன் தம்பி பேசப் போறியள்?” அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது, சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்போம். நான் நடுவில் புகுந்து விளக்கினேன். அவருக்குத் தேவைப்பட்டது எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளலாமா என்ற விபரம் மட்டும். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சென்றிப் பொயின்றில் (காவல் நிலையில்) எதற்கும் என்னைக் கூப்பிடுவார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்த ஆள் இந்தத் திருகோணமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரே மொழிக்காரருக்கே இந்த நிலை என்றால், சுவீடனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கானாவிலிருந்தும் காங்கோவில் போய் இறங்கியவர்கள் வாசலில் நின்று என்ன கேட்டிருப்பார்கள், அங்குள்ள அம்மாக்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

பல வருடம் கழித்து ஒப்பந்தத்தைச் சிவப்புப் பேனையோடு வாசித்தேன். படை வருவது பிரதான உடன்படிக்கையில் முதன்மையான விசயமாக இல்லை. இணைப்பில் ஒரு பந்தி. தேவைப்பட்டால், மோதல் நிறுத்தத்தை உறுதிசெய்ய இந்திய அமைதிகாக்கும் படைப்பிரிவை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம் என்கிறது. அழைப்பு என்ற சொல் அழகான சொல்தான். ஆனால் அதற்கு எட்டுக் கிழமைக்கு முன், யூன் 4இல், யாரும் அழைக்காமலே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப்பொதி போட்டிருந்தன. அந்த விமானங்களின் நிழலில் எழுதிய அழைப்பு அது. வருவதற்கு ஒரு பந்தி இருக்கிறது. எப்போது போவது, யார் தீர்மானிப்பது என்பதற்கு இல்லை.

அதன் பலனை 1989இல் பார்த்தோம். ஜனாதிபதி பிரேமதாச யூன் மாதத்தில், யூலை முடிவதற்குள் போங்கள் என்றார். இந்தியா, இது இரு நாட்டு ஒப்பந்தம், வெளியேறும் கால அட்டவணையையும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும், தமிழரின் பாதுகாப்பும் அதிகாரப் பகிர்வும் என்னாவது என்றது. இரண்டு பக்கத்துக்கும் தாளில் இடம் இருந்தது, அதுதான் சிக்கல். தெற்கில் இந்தியப் பொருள் விற்கக்கூடாது என்று ஜே.வி.பி. என்ற கிளர்ச்சி இயக்கம் தடை போட்டிருந்த காலம். பம்பாய் வெங்காயத்தின் பெயரைச் சொல்லவும் கடைக்காரர் பயந்தார்கள். அழைத்தவர் திருப்பி அனுப்ப முடியாத ஒன்றை அழைப்பு என்று நான் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதேநேரம் பிரேமதாசவின் பக்கம் முழுதாகச் சாயவும் என்னால் முடியவில்லை. அரசின் இறைமை என்று அவர் கேட்டது, எங்கள் ஒழுங்கையில் கதவு திறந்திருக்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு அரசாங்கங்களின் கையொப்பம் இருக்கிறது. யாருக்காக என்று சொல்லி எழுதினார்களோ அவர்கள் தரப்பில் ஒரு கையொப்பமும் இல்லை. 1947இலும் அப்படித்தான், டொக்யாட்டில் யாரையும் கேட்கவில்லை. கையொப்பப் பக்கத்தில் இல்லாதவர் யார் என்று பாருங்கள் என்பது மூன்றாவது கேள்வி. இதற்குத்தான் மாணவர்கள் நன்றாக விடை எழுதுவார்கள்.

வடக்கு கிழக்கு மாகாண சபை திருகோணமலையில்தான் இயங்கியது. இந்தியப் படை போகத் தொடங்க அதன் பலமும் கரைந்தது. 1990 மார்ச் 1இல் முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் தனிநாட்டுப் பிரகடனம் செய்தபோது கடைசிக் கப்பல்களுக்கு நாள் குறித்தாயிற்று. அவரும் இந்தியாவுக்குப் போய்விட்டார். மாகாண சபைக் கட்டடத்தைக் கடந்துதான் நான் தினமும் வகுப்புக்குப் போவேன். ஒரு கிழமை ஆட்கள், வாகனங்கள், சென்றி. அடுத்த கிழமை ஒரு காவலாளி.

படை போனது. கடிதம் போகவில்லை. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடுவதில்லை என்று ஒரு வரி, எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து புனரமைப்பது என்று இன்னொரு வரி. திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய தாங்கிகள் 99 இன்றும் நிற்கின்றன; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 2003இல் குத்தகை, பிறகு இழுபறி, 2022 ஜனவரியில் புது ஒப்பந்தம்: 14 இந்திய ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். 1987 கடிதத்தின் ஒரு வரி 35 வருடம் உயிரோடிருந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எந்த உடன்படிக்கையை வாசித்தாலும் பின்னிணைப்பையும் கூட வந்த கடிதங்களையும் முதலில் வாசியுங்கள். முகப்புப் பக்கம் பத்திரிகைக்காரருக்கு. (இந்த 99 என்ற எண்ணுக்கு என்ன வந்ததோ. அம்பாந்தோட்டைத் துறைமுகக் குத்தகை 99 வருடம். சைப்பிரஸ் 1960இல் சுதந்திரமடைந்தபோது பிரித்தானியா தன் சொந்த நிலமாகவே வைத்துக்கொண்ட தளங்கள் சுமார் 99 சதுர மைல். அங்கே அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அவர்கள் குத்தகைக்காரர்கூட இல்லை.)

மாணவரை முதியவர்களிடம் அனுப்பும் ஆசிரியர்களுக்கு ஓரிரு விசயம். நான் முதல் தடவை அனுப்பியபோது ‘வெளிநாட்டுத் தலையீடு பற்றிய உங்கள் கருத்து என்ன?’ என்று கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்தேன். எல்லோரும் ஒரே விடையோடு வந்தார்கள்: அது பெரிய ஆட்களின் அலுவல். பிழை என்னுடையது. சம்பளம் யார் தந்தது, அதில் என்ன வாங்கினீர்கள், வாசலில் யார் நின்றார்கள் என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். வருடம் கேட்கக்கூடாது. யப்பான் குண்டுக்கு முன்னமா, 64 சூறாவளிக்கு முன்னமா பின்னமா என்று கேட்க வேண்டும். ஒரு பொருளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பாஸ், சம்பளத் துண்டு, படம், எதுவானாலும். பொருள் கைக்கு வந்தால் கதை தானாக வரும். ஒரே சம்பவத்தை மூன்று சமூகத்திலும் கேட்காமல் கட்டுரை எழுதவே விடாதீர்கள். அப்புறம், டொக்யாட்டும் சீனக்குடாவும் படைப் பகுதிகள். அனுமதி எடுக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவோ போனை நீட்டிப் படம் எடுக்கவோ கூடாது. அனுமதிக் கடிதத்தை இரண்டு மாதம் முன்பே போடுங்கள்.

அப்பா காலமான பிறகு அந்தக் கணக்குக் கொப்பிகளை ஒரு பெட்டியில் கண்டேன். 1990ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்து, கடைசி இந்தியப் படையினர் இந்தத் துறைமுகத்திலிருந்தே கப்பலேறிய நாளைத் தேடினேன். அன்று காலை நானும் அவரும் கடற்கரைக்குப் போய் நின்றது நினைவிருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வரும் வழியில் கடையொன்றில் நின்றோம். கொப்பியில் இருந்தது இவ்வளவுதான்:

‘24.3.90. இந்தியன் ஆமி போயிட்டுது. மண்ணெண்ணெய் 2 போத்தில். நெருப்புப்பெட்டி 6. மெழுகுதிரி கூட வாங்கினது.’